கட்டியவர்களுக்கும் மேல்தளத்தைத் திறந்துவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டல், கடைத்தொகுதி, சூதாட்டக் கூடம் எல்லாம் சேர்ந்த சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸ் வளாகத்தின் விரிவாக்கப் பணி 2025ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி பிரதமர் லாரன்ஸ் வோங் முன்னிலையில் தொடங்கியதிலிருந்து, அதைப் பற்றிய செய்திகளை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். இப்போதுள்ள மூன்று கோபுரங்களுக்குப் பக்கத்தில் 55 மாடிகளுடன் நான்காவது கோபுரம் ஒன்று எழப்போகிறது என்பதும், அதில் 570 சொகுசு அறைத்தொகுப்புகள் இருக்கும் என்பதும், 15,000 பேர் அமரக்கூடிய அரங்கமும் புதிய மாநாட்டுக் கூடங்களும் அதனுடன் வரும் என்பதும், எல்லாவற்றுக்குமாக 8 பில்லியன் அமெரிக்க டாலர் செலவாகும் என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. 2030 ஜூன் மாதத்துக்குள் கட்டி முடித்து 2031 ஜனவரியில் திறப்பதாகத் திட்டம். இந்தக் கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதற்காக நான் இக்கடிதத்தை எழுதவில்லை. அதைக் கட்டப்போகிறவர்களுக்கு அங்கே எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதைப் பற்றி, நேரில் பார்த்த சிலவற்றை எடுத்துச் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்கவே எழுதுகிறேன்.

முதல் மூன்று கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், 2008ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள், துணைக் குத்தகை நிறுவனம் ஒன்றின் பாதுகாப்பு மேற்பார்வையாளராக அந்த வேலையிடத்தில் இருந்தேன். காலையில் லாரிகள் வந்து நின்றதும், இறங்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி, அன்றைய வேலை என்ன, எங்கே விழ வாய்ப்புண்டு, எந்தச் சாரத்தில் கால் வைக்கக்கூடாது என்பதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று பெரும்பாலும் அந்த மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே என் வரிசையில் நின்றார்கள். முகவருக்குக் கொடுத்த பணத்துக்கு ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஓராண்டுச் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும் என்பதை அவர்கள் எவரும் மறைத்ததில்லை.

அந்த வேலை எளிய வேலையன்று. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், அடியில் களிமண். கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வரைந்த வடிவத்தில் ஒவ்வொரு கோபுரமும் இரண்டு கால்களாகத் தனித்தனியே கிளம்பி, 23ஆம் மாடி உயரத்தில்தான் ஒன்றாகச் சேரும். அவற்றில் ஒரு கால், அதிகபட்சமாக 26 பாகை அளவுக்குச் சாய்ந்தபடியே மேலே ஏறும். இரண்டும் ஒன்றுசேரும்வரை சாய்ந்த காலைத் தாங்கிப் பிடிக்க இடையே எஃகுத் தாங்கிகள் கொடுக்க வேண்டும், சுவருக்குள் இழுவிசைக் கம்பிகளை ஓட்டி இழுத்து இறுக்க வேண்டும். மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், கம்பி கட்டும் குழுவைச் சேர்ந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர், "அண்ணே, இது சாஞ்சுக்கிட்டே போவுதே, எதுண்ணே புடிச்சு நிறுத்துது?" என்று கேட்டார். கான்கிரீட் வார்ப்புப் பலகை ஒன்றைத் திருப்பிப் போட்டு, சுண்ணக்கட்டியால் இரண்டு கால்களையும் வரைந்து, நடுவே தாங்கியை எங்கே கொடுக்கிறார்கள், கம்பி எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று காட்டினேன். மறுவாரம் புதிதாக வந்து சேர்ந்த நான்கு பேருக்கு அவரே அதே பலகையில் அதே படத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் வரைந்ததைவிட அவர் வரைந்தது தெளிவாக இருந்தது. ஏனென்றால் அந்தச் சாய்வுச் சுவருக்குள் கம்பி கட்டியவர் அவர், நான் வெளியே நின்று பார்த்தவன்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலக நிதி நெருக்கடி வந்து, இந்த வளாகத்தின் உரிமையாளரான லாஸ் வேகஸ் சேண்ட்ஸ் நிறுவனமே தள்ளாடியது. சீனாவின் மக்காவ் நகரில் நடந்துகொண்டிருந்த கட்டுமானங்களை அது நிறுத்திவைத்தது; சிங்கப்பூர்க் கட்டுமானத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஆயினும் அந்தச் சில மாதங்களில் என் வரிசையில் நின்றவர்களின் முகங்களை என்னால் மறக்க முடியாது. வேலை அனுமதியை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்ற கேள்வி ஒன்றுதான் அங்கே பேச்சு.

பின்னர் கோபுரங்களின் உச்சியில் ஸ்கைபார்க் எனப்படும் அந்தக் கப்பல் வடிவ மேல்தளம் அமைந்ததைப் பார்த்தோம். 340 மீட்டர் நீளம். மூன்று கோபுரங்களின் மேலும் படுத்திருக்கும் அதன் ஒரு முனை, அடியில் எந்தத் தூணும் இல்லாமல் 66.5 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. எஃகுப் பகுதிகளைத் தரையில் வைத்து இணைத்து, ஹைட்ராலிக் கருவிகளைக் கொண்டு, பார்வைக்கு நகர்வதே தெரியாத வேகத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி சாப்பிட மறந்து நின்றவர்கள் பலர். நானும் நின்றேன்.

2010 ஏப்ரல் 27ஆம் தேதி வளாகத்தின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மேல்தளம் திறந்தது. 2011 பிப்ரவரி 17ஆம் தேதி அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது, தாமரை வடிவிலான கலை அறிவியல் அரும்பொருளகமும் அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்குள் என் வரிசையில் நின்றவர்கள் வேறு வேறு வேலையிடங்களுக்குச் சிதறிப் போயிருந்தார்கள். சிலர் ரயில் சுரங்கப் பாதைக்கு, சிலர் பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு, சிலர் ஊருக்கு.

அந்த வளாகம் இன்று எப்படி இருக்கிறது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2,561 அறைகளாகத் தொடங்கிய ஹோட்டல், அண்மையில் புதுப்பிக்கப்பட்டபோது அறைகளைப் பெரிதாக்கியதால் இப்போது சுமார் 1,850 அறைகளும் தொகுப்புகளுமாகக் குறைந்திருக்கிறது. நடுவே கால்வாய் ஓடும் கடைத்தொகுதி, மாநாட்டு மண்டபம், அரங்கு, உணவகங்கள், சூதாட்டக் கூடம் எல்லாம் ஒரே கூரைத் தொடரின் கீழ் இருக்கின்றன. பேஃபிரண்ட் ரயில் நிலையத்திலிருந்து வெயிலே படாமல் நடந்து உள்ளே போய்விடலாம். கடைத்தொகுதிக்குள் நடக்கக் காசு கேட்பதில்லை. வெளியே நீர்முகப்பு நடைபாதை எல்லார்க்கும் பொது. இரவில் அங்கே நடக்கும் ஒளி, நீர்க் காட்சியைப் படிக்கட்டில் உட்கார்ந்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போரில் ஊழியர்களின் சிறு சிறு கூட்டங்களை எப்போதும் காணலாம். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். விரிவாக்கத்திலும் இவை குறையாமல் தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் நடைபாதையைத் தாண்டி ஏதாவதொரு வாயிலுக்குள் போக வேண்டுமானால், அங்கே ஒரு வேறுபாடு தொடங்குகிறது. மேல்தளத்தின் பார்வைக்கூடத்துக்குச் செல்ல முப்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் கட்டணம். நான் அறிந்த கட்டுமான ஊழியர் பலருக்கு அது ஒருநாள் அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம். அரும்பொருளகத்தின் கண்காட்சிகளுக்குக் கட்டணம். கடைத்தொகுதிக் கால்வாயில் படகில் போகக் கட்டணம். கட்டணம் வாங்குவதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வளாகத்தில், வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் ஒரு காசும் கொடுக்காமல் நுழையக்கூடிய வாயில் ஒன்று உண்டு. அது சூதாட்டக் கூடத்தின் வாயில்.

இது யாரோ கெட்ட எண்ணத்தோடு செய்துவைத்த ஏற்பாடு அன்று. அதன் காரணத்தை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரல் 18ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சூதாட்டக் கூடங்களைக் கொண்ட இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி வழங்கும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, நாட்டில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஒருநாளைக்கு 100 வெள்ளி, ஆண்டு முழுவதற்கும் 2,000 வெள்ளி என்று தொடங்கி, 2019 ஏப்ரல் முதல் அது 150 வெள்ளி, 3,000 வெள்ளி என்று உயர்ந்தது. குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஆணை, தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு, கடனில் நொடித்துப் போனவர்களுக்கும் அரசாங்க உதவித்தொகையை நம்பி வாழ்பவர்களுக்கும் தானாகவே பொருந்தும் தடை என்று பல வேலிகளையும் சட்டம் போட்டது. வாயிலில் ஒரு விலையை வைத்தால் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர் தயங்கி நிற்பார், வீடு நினைவுக்கு வரும் என்பதே அந்தக் கட்டணத்தின் பொருள். அது சரியான பொருள் என்றே நான் நம்புகிறேன்.

வெளிநாட்டவர்க்கு அந்தக் கட்டணம் இல்லை. ஏனென்றால் அவர் சுற்றுப்பயணி, செலவழித்துவிட்டு ஊர் திரும்புபவர். சட்டத்தின் கணக்கு அவ்வளவே. இந்தக் கணக்கில் துவாஸ் வட்டாரத்து ஊழியர் தங்கும் விடுதியில் பதினைந்து ஆண்டுகளாக வாழும் ஒருவரும் சுற்றுப்பயணிதான். இங்கே அவருக்கு வீடில்லை, மனைவி மக்கள் அருகில் இல்லை, அவர் பெயரில் குடும்பத் தடை ஆணைக்கு விண்ணப்பம் போட ஓர் அண்ணன் தம்பிகூடப் பக்கத்தில் இல்லை. ஆக, வேலி எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கு வேலியில்லை. அந்த வாயில் குளிர்சாதன வசதியோடு, விளக்கொளியோடு, வா என்று அழைத்தபடி இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது.

நான் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சாரம் கட்டுவதில் கைதேர்ந்தவர். சம்பளம் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலையிலுள்ள பணமாற்றுக் கடைக்கு வந்து வரிசையில் நிற்பார். அனுப்பிய ரசீதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு, சட்டைப்பையில் வைத்திருப்பார். வீட்டுக் கடன் எவ்வளவு அடைந்தது என்பதற்கு அந்தக் கட்டின் தடிமனே கணக்கு என்று ஒருமுறை என்னிடம் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரிசையில் இல்லாமல், கடைக்கு எதிர்ப்பக்கம் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருந்தார். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இந்த மாசம் அனுப்பலண்ணே" என்றார். சற்று நேரம் கழித்து, "போன மாசமும் அனுப்பல" என்றார். இங்குள்ள இரண்டு சூதாட்டக் கூடங்களில் ஒன்றுக்கு, உடன் தங்கியிருந்தவர்களோடு, உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கப் போயிருக்கிறார். முதல்நாள் எண்பது வெள்ளி வந்திருக்கிறது. அந்த எண்பது வெள்ளி அவரைப் பிறகு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம், வேலை அனுமதி அட்டைக்காரருக்கும் அது உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை என்று நான் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. "இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமேண்ணே?" அடுத்த நாள் வேலை முடிந்ததும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். தாம் செய்தது தம் தவறுதான் என்று அவர் கடைசிவரை சொன்னார். அதை நானும் மறுக்கவில்லை.

கட்டுமானத் துறைக்கு முதன்முறையாக வருகிற ஊழியர்களுக்கு இந்நாட்டின் பழக்கவழக்கங்கள், சட்டங்கள், அவர்களின் உரிமைகள் ஆகியவற்றை அவரவர் மொழியில் எடுத்துச் சொல்லும் ஒருநாள் அறிமுக வகுப்பை மனிதவள அமைச்சு 2018ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த வகுப்பில் எவரேனும் எழுந்து நின்று, இந்த வாயில் உங்களுக்கு இலவசம், அதனாலேயே இது உங்களுக்கு ஆபத்து, வேண்டாமென்று நினைத்தால் இன்றே உங்கள் பெயரை இப்படி விலக்கிக்கொள்ளலாம் என்று தமிழில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அங்கேயே விண்ணப்பத்தில் கையெழுத்திட வசதி செய்ய வேண்டும். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றமும் தங்கும் விடுதிகளை நடத்துவோரும் கைகோத்தால் இது பெரிய வேலையன்று. ஊழியர்களிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மாதச் சம்பளத்தை இழக்கத் துணிந்தவர் 150 வெள்ளியையும் சேர்த்து இழப்பார். ஒரு கதவை மூடுவதைவிட, மறு கதவைத் திறப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அந்த மறு கதவைப் பற்றித்தான் இக்கடிதத்தின் கோரிக்கை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நீர்முகப்பு நடைபாதையில் நடந்துகொண்டிருந்தபோது, "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. பலகையில் படம் வரைந்த அதே பட்டுக்கோட்டைக்காரர். இளைஞராக இருந்தவருக்கு இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. இடையில் இரண்டு முறை ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, இப்போது வேறொரு குழுவுக்குத் தலைமைக் கம்பி கட்டுநராக இருக்கிறார். கையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் அவருடைய மகள். பள்ளி இறுதியாண்டு படிக்கிறாளாம். கைப்பேசியை மெல்லத் திருப்பி, மூன்று கோபுரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, "இந்தா, இந்தச் சாஞ்ச சுவரு தெரியுதா, இதுல அப்பா வேலை பாத்தேன்" என்றார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேல இருக்குற கப்பல்ல போயி அங்கேருந்து காட்டுங்கப்பா" என்றாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "இன்னிக்கு நேரமாயிருச்சும்மா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லி அழைப்பை முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடித் தடுப்பும் நீச்சல் குளமும் வருவதற்கு முன்பே கோபுரத்தின் மேல்மாடிகளில் நின்று இந்த நகரத்தைப் பார்த்தவர் அவர். அப்போது கையில் கம்பி முறுக்கும் கொக்கி இருந்தது, படம் எடுக்க அனுமதி இல்லை. இப்போது படம் எடுக்கலாம், மேலே போக முப்பத்துச் சொச்சம் வெள்ளி வேண்டும். அந்த மாதம் ஊரில் கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்தைப் பற்றிப் பின்னர் அவர் பேசியபோது அந்த முப்பது வெள்ளியின் எடை எனக்கு விளங்கியது.

ஆகவே நான் கேட்பது இதுதான். நான்காவது கோபுரம் எழும் இந்த ஆண்டுகளிலும், அது திறந்த பின்னரும், வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் கட்டுமான ஊழியர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஸ்கைபார்க் பார்வைக்கூடத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். நல்லெண்ணத்தில் எப்போதாவது ஒரு பேருந்தில் சிலரை ஏற்றிக்கொண்டுபோய், பரிசுப்பை கொடுத்து, படம் பிடித்து அனுப்பிவைப்பது வேறு. ஊழியர் தம் அட்டையைக் காட்டி, எவருடைய தயவும் இல்லாமல், தாம் விரும்பிய மாதத்தில் தாமாகவே போய்வருவது வேறு. நான் இரண்டாவதைக் கேட்கிறேன். புதிய கோபுரத்திலும் பார்வைத்தளம் அமையுமானால், அது பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முதல் நாள், அதில் வேலை பார்த்தவர்களுக்கே திறக்கட்டும்.

இதனால் வருமானம் குறையும் என்று சொல்லப்படலாம். நுழைவுச்சீட்டு வாங்கி வருவோருக்கான நேரம் முற்பகலில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் ஊழியர்களை அனுமதித்தால் எந்த வருமானமும் குறையாது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போகும் என்று இன்னொருவர் சொல்லக்கூடும். தேசிய தினத்திலும் புத்தாண்டு இரவிலும் மரினா விரிகுடாவில் இலட்சக்கணக்கானோரை ஒழுங்காகக் கூட்டி ஒழுங்காகக் கலையவைக்கிற நாடு இது. முன்பதிவு செய்து, மணிக்கு இத்தனை பேர் என்று அனுப்புவது நமக்குத் தெரியாத வேலை அன்று. ஊழியர்களுக்குத்தான் பொழுதுபோக்கு மையங்கள் கட்டிக்கொடுத்திருக்கிறோமே என்பது மூன்றாவது மறுப்பு. அம்மையங்கள் தேவையானவை, அவற்றில் நல்ல பணிகள் நடக்கின்றன. ஆனால் அவை கிராஞ்சி, பெஞ்சுரு போன்ற தொலைவான இடங்களில் இருக்கின்றன. நகரத்தின் நடுவே தாம் கட்டியதைப் பார்க்க நினைப்பவருக்கு, நகரத்துக்கு வெளியே ஒரு கிரிக்கெட் திடலைக் காட்டுவது பதிலாகாது.

இதில் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறேன். விரிவாக்கத்துக்கான உடன்பாட்டில், கூடுதல் சூதாட்டப் பரப்புக்கும் கூடுதல் இயந்திரங்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2030 இறுதிவரை நாட்டில் மூன்றாவது சூதாட்டக் கூடம் வராது என்ற உறுதியும் இரண்டு நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டது. இவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்புகள் பேசப்படும் மேசையில், மாதத்துக்கு இரண்டு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுவது பயணத்துறைக் கழகத்துக்குக் கடினமாக இருக்காது. நிறுவனமும் மறுக்காது என்றே நம்புகிறேன். கேட்கப்படாததால் கொடுக்கப்படாமல் இருப்பவை உலகில் நிறைய இருக்கின்றன. கேட்கும் வேலையை நம் தமிழ் அமைப்புகள் முதலில் செய்ய வேண்டும். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஊழியர்களுக்கு உணவு வழங்கும் பெரிய மனம் நம் சமூகத்துக்கு உண்டு. அதே மனத்தோடு ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் போதும்.

இன்னொன்றையும் வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். வேலை அனுமதி அட்டைக்காரர்கள் இங்கே இத்தனை ஆண்டுகள்தாம் வேலை செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பு 2025 ஜூலை முதல் நீக்கப்பட்டுவிட்டது. வயது வரம்பும் 63 ஆக உயர்ந்திருக்கிறது. நம் முதல் கோபுரங்களுக்குக் கம்பி கட்டியவர்களில் சிலர் நான்காவது கோபுரத்துக்கும் கம்பி கட்டப்போகிறார்கள், சிலர் அந்த வேலையிடத்திலேயே முதுமையடையப்போகிறார்கள் என்பதே இதன் பொருள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு நகரத்தைக் கட்டியவரை, வாயிலில் மட்டும் இன்னும் சுற்றுப்பயணி என்ற கணக்கில் வைத்திருப்பது நியாயமாகத் தெரியவில்லை.

பட்டுக்கோட்டைக்காரருக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுக்க நான் முன்வந்தேன். அவர் ஏற்கவில்லை. "நீங்க காசு குடுத்து நான் போனா, நாளைக்கி எங்க ரூம்ல உள்ள பதினோரு பேருக்கு யாருண்ணே குடுப்பா?" என்றார். அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் புதிய கோபுரத்தின் வேலையிடத்துக்கு மாற்றலுக்காகக் காத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்தால் எட்டரைக்குள் எல்லாரும் வந்துவிடுவோம் என்று அவர் சொன்னார்.

இப்படிக்கு,
முன்னாள் கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
தோ பாயோ, சிங்கப்பூர்